மிளகுத் தராசில் என் பேத்தி

மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு. ஆனாலும் மாத்தளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று எதையாவது சாக்கில் கட்டிக்கொண்டு விலை தெரியாமல் முழிக்கிறவன், கடைசியில் என் மில் வாசலுக்குத்தான் வருவான். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் வங்கியில் செல்லும். யார் தயவும் இல்லாமல் முன்னுக்கு வந்தவன் நான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? என் வீட்டுக்காரி சொல்லமாட்டாள்.

மில்லின் முன்னால் ஒரு நீள வாங்கு கிடக்கிறது. தினமும் நாலு மணிக்கு அதில் வந்து உட்காருகிறவன் என் கூட்டாளி. இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். அவன் தொழிற்சங்கத்துக்குப் போனான், நான் மிளகுக்குப் போனேன். அவன் நாற்பது வருடம் கூட்டங்களில் கத்தினான், நான் நாற்பது வருடம் மூட்டை தூக்கினேன். இப்போது அவனுக்குத் தொண்டை போய்விட்டது, எனக்கு முதுகு போய்விட்டது. நான் அவனைத் தோழர் என்பேன், கேலிக்கு. அவன் என்னை முதலாளி என்பான், அதுவும் கேலிக்குத்தான்.

ஒருநாள் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். சோசலிசக் கொள்கை மக்களின் சுகத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று யாரோ படித்தவர் அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தாராம். முழுவதையும் வாசித்துக் காட்டினான். எனக்குப் பாதி விளங்கவில்லை. அவனுக்கு முக்கால்வாசி விளங்கவில்லை. அதனால் சண்டை நன்றாக இருந்தது.

"டேய் முதலாளி, இந்த நாட்டுல ஆஸ்பத்திரிக்குப் போனா காசு கேக்கிறாங்களா? பிரசவத்துக்குக் கேக்கிறாங்களா? ஊசிக்குக் கேக்கிறாங்களா? இதெல்லாம் யாரு கொண்டாந்தது? உன் மிளகா?"

"காசு கேக்கமாட்டாங்க. கட்டில் இருக்கான்னு நீ கேட்டுப் பாரு. ஒரு கட்டில்ல ரெண்டு பேரு, கட்டிலுக்கு அடியில ஒருத்தன்."

"அடியில படுத்தவனும் உசுரோடதானே எழும்பி வந்தான்?"

"சும்மா குடுக்கிறதுக்கு மரியாதை இல்லடா தோழரே. நான் இந்த அரசாங்கத்துக்கிட்ட சும்மா வாங்கினது ஒன்னே ஒன்னுதான். மழை."

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கிண்ணம் இருந்தது. அதில் இருந்தது திரிபோஷா மா. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் சும்மா கொடுக்கும் சத்து மா. என் மருமகளுக்குக் கொடுத்தது. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தால், டீக்கு அதைவிட நல்ல சோடி கிடையாது. சோசலிசத்தை எதிர்க்கிறவனும் ஆதரிக்கிறவனும் ஒரே கிண்ணத்தில் கைவைத்து, பிள்ளை பெற்றவளின் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை.

அவனுடைய சிவப்புக் கொடியில் எனக்கு ஏன் கோபம் என்று சொல்லவேண்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒரு சிவப்பு ஆட்சி வந்தது. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. இனி எல்லாம் நம்முடையது என்று மேடை போட்டுச் சொன்னார்கள். பழைய துரை போனார், புதுத் துரை வந்தார், பலகையில் பெயரை மாற்றி எழுதினார்கள். எங்கள் வீட்டுத் தட்டில் இருந்தது மட்டும் மாறவில்லை. மாறியதும்தான், இன்னும் குறைந்தது. பாண் ரொட்டிக்குக் கியூ, சீனிக்குக் கியூ. விடியும் முன்னமே போய் நின்றால் பத்து மணிக்குப் பாண் முடிந்துவிட்டது என்பார்கள். ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்த ஆஸ்பத்திரி எங்களுக்குப் பாதி தூரம்தான் பொது. நாங்கள் இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டு ஆள் என்ற கேள்வி தீராததால், தோட்டத்து மருந்துக்காரர் கலக்கிக் கொடுக்கும் சிவப்புத் தண்ணீர்தான் எல்லா நோய்க்கும். வயிற்றோட்டத்துக்கும் அதே, இருமலுக்கும் அதே.

ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு நல்ல தராசு இருந்தது. என் அம்மா பறித்த கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுத்தார்கள். கூடைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கணக்கப்பிள்ளை கழிப்பார். அம்மா காலிக் கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி கொழுந்து மலைக்கு ஏறுவாள். நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். எனக்குப் படிப்பு சொல்லித்தந்தது அந்த இடம்தான். தராசு யார் கையிலோ, அவன் பக்கம்தான் முள் சாயும். மூன்றாம் வகுப்பில் இதைச் சொல்லித்தருவதில்லை.

ஆகையால் நான் மில் வைத்தபோது தராசு இரண்டு வைத்தேன். ஒன்று வாங்குகிற தராசு. அது கொஞ்சம் கஞ்சன், எதை வைத்தாலும் குறைத்துச் சொல்லும். மற்றது விற்கிற தராசு. அது கொஞ்சம் வாய்க்காரன், இருப்பதைவிடக் கூட்டிச் சொல்லும். அரசாங்கத்து ஆள் வந்து முத்திரை குத்துகிற நாளில் இரண்டும் நல்ல பிள்ளைகளாக நிற்கும். மாத்தளையில் நான் மட்டும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம், ஆனால் என் அளவுக்கு நேர்த்தியாகச் செய்தவன் கிடையாது. இந்த ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

இப்போது பேத்தி கதைக்கு வருகிறேன்.

மகன் துபாயில். மருமகளும் பேத்தியும் மில்லுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டில். மருமகள் அதிகம் பேசாத பிள்ளை. என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், அதை நான் அப்போது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேத்திக்கு ஆறு மாத ஊசி போட்டு வந்ததும், இனிக் கிளினிக்குக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"மாசா மாசம் நிறுக்கணும் மாமா. கிளினிக் மிஸ்ஸி சொல்லியிருக்காங்க."

"நிறுக்கிறதுக்கா அங்க போய் வெயில்ல நிக்கிற? நான் என்ன, தராசு இல்லாத வீட்டுலயா உன்னைக் கட்டிக் கொண்டாந்தேன்? காய்ச்சல்னா கண்டிக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன். நிறுக்கிறதுன்னா நான் இருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து பேத்தியை நானே நிறுத்தேன். மிளகு அள்ளும் பிரப்பங்கூடையில் துணி விரித்து, அவளை உட்காரவைத்து, வாங்குகிற தராசில் வைப்பேன். கூடையைக் கழித்து மருமகளிடம் சொல்வேன். கொச்சிக்காய் அரைக்கவும் மிளகாய்த்தூள் வாங்கவும் வந்த பெண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "முதலாளி, கிலோ என்ன விலை?" என்று ஒருத்தி கேட்டாள். "இது ஏற்றுமதிச் சரக்கு, உனக்குக் கட்டாது" என்றேன்.

ஒரு மாதம் போனது. மிளகு சீசன் வந்தது. வாங்குகிற தராசில் காலையிலிருந்து மூட்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தூசி வேறு, பேத்தி தும்மினாள். அதனால் அவளைக் கூடையோடு தூக்கி மற்றத் தராசில் வைத்தேன். வைத்ததும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரே தாவலில் முக்கால் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தாள். வாங்குக்கு ஓடிவந்து தோழரிடம் சொன்னேன்.

"பார்த்தியா? அரசாங்கத்து மா இல்ல, அரசாங்கத்துக் கிளினிக் இல்ல. தனியார் தராசு, தனியார் சாப்பாடு. எப்படி ஏறியிருக்கா பாரு!"

எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு தராசையும் என் கையால் கோணலாக்கியவன் நான். ஆயிரம் பேரை ஏமாற்றிய தராசு என்னை ஏமாற்றாது என்று எந்தக் கிறுக்கன் நினைப்பான்? நான் நினைத்தேன். மிளகை நிறுக்கும்போது இருந்த மூளை, பேத்தியை நிறுக்கும்போது வேலை செய்யவில்லை. ஏறியது பேத்தி இல்லை, தராசு.

மருமகளுக்குத் தராசு விவகாரம் தெரியாது. ஆனால் பிள்ளையைத் தூக்குகிற கை அவளுடையது.

"மாமா, பாப்பாவோட வளையல் கழண்டு கழண்டு விழுது," என்றாள் ஒருநாள்.

"வளையல் பெருசா வாங்கிட்டோம்."

"போன மாசம் சரியாத்தான் இருந்துச்சு."

"தராசு பொய் சொல்லுமா?" என்று கேட்டேன். நான் கேட்டேன். வேறு யாருமில்லை.

அவள் உள்ளே போனாள். அடுத்த வாரம் வளையலைக் கழற்றிவிட்டுக் கையில் கறுப்பு நூல் கட்டியிருந்தாள்.

அப்புறம் மிஸ்ஸி வந்தாள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அரசாங்க மருத்துவச்சி. நாவுலப் பக்கத்துச் சிங்களப் பெண். தோட்டம் தோட்டமாக நடந்து வேலை செய்ததில் நம்முடைய தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுவாள், திட்டுவதற்கு இன்னும் வேகம். இரண்டு மாதமாக ஒரு பிள்ளை கிளினிக்குக்கு வரவில்லை என்று புத்தகத்தில் பார்த்துவிட்டு, குடையும் தோள்பையுமாக மத்தியான வெயிலில் மில்லுக்குள்ளேயே வந்துவிட்டாள். கொச்சிக்காய்த் தூள் பறந்துகொண்டிருந்தது. மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"எங்க முதலாளி நம்ம பிள்ளை?"

"நம்ம பிள்ளையா? அது என் பேத்தி, மிஸ்ஸி."

"ஒன்பது மாச ஊசி போடற வரைக்கும் என் பிள்ளைதான். அப்புறமும் என் பிள்ளைதான். கொண்டு வாங்க."

மருமகள் அடுத்த நொடியே பிள்ளையோடு வந்து நின்றாள். கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்திருக்கிறாள். மிஸ்ஸி பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தாள். மில்லின் குறுக்கு மரத்தில் கயிற்றை மாட்டி, பேத்திக்குத் துணிக் காற்சட்டை ஒன்றைப் போட்டுத் தொங்கவிட்டாள். பேத்தி வௌவால் மாதிரி ஆடிக்கொண்டே சிரித்தாள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. ஆறு கிலோ இருநூறு. இளஞ்சிவப்புப் புத்தகத்தைத் திறந்து புள்ளி வைத்தாள். முன்பு பச்சைப் பட்டைக்குள் ஏறிவந்த கோடு படுத்துவிட்டது. புதுப் புள்ளி பச்சைக்கு வெளியே, செம்மஞ்சளில்.

வாங்கில் இருந்த தோழர் எட்டிப் பார்த்தான். "இன்னும் கீழ போனா சிவப்பு வந்துருமே," என்றான்.

"இந்தப் புத்தகத்துல சிவப்பு ஆகாது ஐயா," என்றாள் மிஸ்ஸி. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோழர் சிவப்புக்குப் பயந்ததை நான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. "உங்க தராசு பிழை மிஸ்ஸி. போன வெள்ளிக்கிழமை நானே நிறுத்தேன். ஏழுக்குப் பக்கத்துல. வாங்க, காட்டுறேன்."

வீறாப்பு என்பது இதுதான். பேத்தியைப் பிடுங்கிக் கூடையில் வைத்து விற்கிற தராசில் ஏற்றினேன். கூடையைக் கழித்து, ஏழுக்குச் சற்றுக் குறைவு. கொச்சிக்காய் அரைக்க வந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். "முதலாளி தராசு பெருசுதானே," என்றாள் ஒருத்தி.

மிஸ்ஸி என் தராசைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள், தன் கொக்கித் தராசைப் பார்த்தாள்.

"அனே ஐயோ, எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு," என்றாள். "இது பழசு முதலாளி. போன மாசம் பஸ்ஸுல இருந்து இறங்கறப்ப கீழ விழுந்துச்சு. ஆபீஸ்ல புதுசு கேட்டிருக்கேன், இன்னும் வரல." புத்தகத்தைத் திரும்பத் திறந்து பென்சிலை எடுத்தாள். "உங்க நிறையையும் இதுல எழுதி வைக்கிறேன். அடுத்த மாசம் நல்ல தராசு கொண்டாந்து பாப்போம். அதுவரைக்கும் குடுக்கிற சாப்பாட்டையே குடுங்க."

நான் ஜெயித்துவிட்டேன். அரசாங்கத்தின் தராசு தோற்றது, என் தராசு ஜெயித்தது. தோழரைத் திரும்பிப் பார்க்கவேண்டியதுதான் பாக்கி. ஆனால் என் கண் மருமகள் மேல் விழுந்தது. அவள் மிஸ்ஸியின் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையலைக் காட்டி அவள் சொன்னதை ஒருத்தி வந்து சரி என்றாள், அந்த ஒருத்தியும் இப்போது பின்வாங்குகிறாள். அழவில்லை. பேத்தியின் கையைப் பிடித்து, அந்தக் கறுப்பு நூலை அவிழ்த்து, இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

அந்த முடிச்சை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். பாண் கியூ காலத்தில் எனக்கொரு தங்கச்சி இருந்தாள். அவள் கையில் அம்மா கட்டிய கறுப்பு நூலும் இப்படித்தான் தளர்ந்து தளர்ந்து வந்தது. மலைக்குப் போகும் முன் அம்மா ஒவ்வொரு தடவையும் அவிழ்த்து, உள்ளே தள்ளி முடிச்சுப் போடுவாள். நூல் மிச்சமாகிக்கொண்டே போனது. கொழுந்துக்குத் தராசு இருந்த தோட்டத்தில் தங்கச்சியை ஒருவரும் நிறுக்கவில்லை. ஒருநாள் மலையிலிருந்து அம்மா வந்தபோது நிறுக்கிறதற்கு ஒன்றும் இல்லை.

மிஸ்ஸியின் பென்சில் புத்தகத்தைத் தொட்டது.

"மிஸ்ஸி," என்றேன். "அதை எழுதாதீங்க."

"ஏன் முதலாளி?"

"உங்க தராசு சரி. இது விக்கிறதுக்கு வச்ச தராசு."

மில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நான் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கொச்சிக்காய்க்காரிகளில் மூத்தவள் மெல்ல இடுப்பில் கைவைத்தாள்.

"விக்கிறதுக்கு வச்சதுன்னா?"

"கூட்டிக் காட்டும்."

"அப்ப நாங்க வாங்கிட்டுப் போற தூளு?"

"குறையும்."

"எத்தனை வருசமா?"

நான் வாயைத் திறக்கும் முன்னமே தோழர் சொன்னான். வாங்கிலிருந்து எழும்பி, போன தொண்டை எங்கிருந்தோ திரும்பி வந்த மாதிரி கத்தினான். "நாப்பது வருசமா மேடை மேடையா நான் சொன்னேன், முதலாளிமாரு சுரண்டுறாங்கன்னு! ஒருத்தரும் நம்பல! இன்னைக்கு முதலாளியே வந்து சாட்சி சொல்றான்!"

"நீ உக்காருடா, பிள்ளை பயப்படுது," என்றேன்.

அன்றைக்கு வாங்கிய ஏச்சை இங்கே எழுதமுடியாது. என் வீட்டுக்காரி சத்தம் கேட்டு வந்து, விசயம் தெரிந்ததும் அந்தப் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். மிஸ்ஸி மட்டும் என்னை ஏசவில்லை. புத்தகத்தில் தன்னுடைய ஆறு கிலோ இருநூறை வட்டம் போட்டாள். பிறகு மருமகளிடம் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டாள். கஞ்சித் தண்ணீர், கரைத்த பிஸ்கட். வெளிநாட்டுப் பிஸ்கட், நான்தான் வாங்கித் தந்தேன்.

"தண்ணியில என்ன இருக்கு? சோறு, பருப்பு, கீரை, முட்டை. கரண்டியைக் கவுத்தா விழக்கூடாது, அவ்வளவு கெட்டியா. நாளைக்கு டொக்டரிட்டயும் காட்டணும், நானும் வர்றேன்." பையிலிருந்து இரண்டு பொதி திரிபோஷா எடுத்து மருமகள் கையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இது பிள்ளைக்கு. முதலாளிக்கும் அந்த ஐயாவுக்கும் இல்ல."

தோழரும் நானும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். அதிகம் பேசாத மருமகள், திரிபோஷா எங்கே போகிறது என்பதை மட்டும் மிஸ்ஸியிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று பின்னேரமே இரண்டு தராசையும் திருத்தினேன். கோணலாக்கத் தெரிந்தவனுக்கு நிமிர்த்தத் தெரியாதா? அரை மணித்தியால வேலை. பிள்ளைக்குத்தான் நாள் எடுத்தது. முதல் மாதம் புள்ளி அசையவில்லை. நான் சாமிக்கு நேர்ந்தேன், மருமகள் முட்டையைப் பிசைந்தாள். இரண்டாம் மாதம் கொஞ்சம் தலை தூக்கியது. மூன்றாம் மாதம் நூலை அவிழ்த்துவிட்டாள், இறுகுகிறது என்று.

தோழர் விடவில்லை. "இப்பயாவது ஒத்துக்கிறியா? சோசலிசம் சுகத்தைக் கூட்டுமா இல்லையா?"

"சோசலிசம் வந்தப்பதான்டா நாம பாண் கியூவுல நின்னோம். என் தங்கச்சியைப் புதைக்க நீயும்தானே தூக்கிட்டு வந்த? இது சோசலிசம் இல்ல. இது நாவுலப் பொம்பளை ஒருத்தி வெயில்ல நடந்து வந்தது."

"அந்தப் பொம்பளைக்குச் சம்பளம் யாரு குடுக்கிறா? உன் மில்லா?"

"டீ ஆறுது. குடி."

அவன் கேள்விக்குப் பதில் இல்லாமல் இல்லை. எனக்கு அதைச் சொல்ல மனமில்லை. அந்தக் கொக்கித் தராசு பஸ்ஸிலிருந்து விழுந்ததுதான், துருப்பிடித்ததுதான். ஆனால் அதற்கு வாங்கவும் ஒன்றுமில்லை, விற்கவும் ஒன்றுமில்லை. அப்படி ஒரு தராசு ஊரில் ஒன்றாவது இருக்கவேண்டும். அதை வைத்திருக்க என்னைப்போல ஆள் சரிவராது. கொடி பிடிக்கிறவர்களும் எல்லா நேரமும் சரிவரவில்லை. யார் வைத்திருந்தாலும் அது லயத்துக்கும் வரவேண்டும், மில்லுக்கும் வரவேண்டும். பத்திரிகையில் எழுதிய படித்தவருக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான், அவர் கேட்கவில்லை.

இப்போது கிளினிக் நாளில் பேத்தியை நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். முதல் நாள், நான் யார் தெரியுமா என்ற முகத்தோடு வரிசையின் முன்னால் போய் நின்றேன். "பின்னால போங்க தாத்தா, இது பிள்ளைகளோட கியூ," என்றாள் ஒரு சின்னப் பெண். போனேன். பாண் கியூவுக்குப் பிறகு நான் நின்ற முதல் கியூ அது. என் முறை வந்தபோது சாமான் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

போன மாதம் பிள்ளைகளை எல்லாம் நிறுத்து முடிந்த பிறகு, பேரப்பிள்ளையோடு வந்திருந்த நம்முடைய மூத்த கொச்சிக்காய்க்காரி மடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். என் மில்லில் அன்று காலை வாங்கிய ஒரு கிலோத் தூள். பேத்தி தொங்கிய அதே கொக்கியில் அதை மாட்டினாள். கிளினிக் மண்டபத்தில் இருந்த தாய்மார் சுற்றி வந்து நின்றார்கள்.

"அனே, இது பிள்ளை நிறுக்கிற தராசு!" என்று மிஸ்ஸி கத்தினாள். கத்திவிட்டு, முள்ளை எட்டிப் பார்த்தாள்.

நானும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முள் ஆடியது, ஆடியது, ஒரு கிலோவில் நின்றது. ஒரு மயிரிழை கூடுதலாகவே.

"அந்த மிச்சம் என்ன?" என்று கேட்டாள் கொச்சிக்காய்க்காரி.

"பை," என்றேன். "பையைக் கழிச்சுப் பாரு. எங்க வேணும்னாலும் கொண்டுபோய் நிறுத்துப் பாரு. மாத்தளையில இப்ப நேரான தராசு மூணுதான். ஒன்னு மிஸ்ஸிட்ட இருக்கு."